மலையில் வீடு, திருப்பூரில் சம்பளம்: ஸ்டேட்டஸ் போடுமுன் செய்ய வேண்டியவை

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளை பிரியாணிப் படம் ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டால், அதை வைத்தே ஊரில் சம்பளத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பிலிப்பைன்சிலும் இதே பாடுதான். அங்கே 1975 ஆணைப்படி 13ஆம் மாதச் சம்பளத்தை, அதாவது வருடத்துக்கு ஒரு தடவை கூடுதலாகத் தரும் சம்பளத்தை, டிசம்பர் 24க்குள் கொடுத்தாக வேண்டும். அது கைக்கு வரும் சமயம் எல்லோருக்கும் தெரியும்; குடும்பத்தைத் தாங்குபவரின் ஃபேஸ்புக்கில் உறவுக்காரர்களின் மெசேஜும் வரத் தொடங்கும். நமக்கு அந்தச் சமயம் தீபாவளி போனஸ்.

முதலில் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், போன் பிறகு. சம்பளம் 18,000 ரூபாய் என்றால் அறை வாடகை, சாப்பாடு, பஸ்ஸுக்கு 8,000, வீட்டுக்கு 7,000, உங்கள் பெயரில் சேமிப்பு 2,000, திடீர்ச் செலவுக்கு 1,000. வீட்டுக்கான 7,000 எதற்கெல்லாம் என்று அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள்: மளிகை, குழு லோன் தவணை, தங்கையின் காலேஜ் பஸ். இப்படி எழுதிவைத்தால், "இன்னும் கொஞ்சம் அனுப்பு" என்று கேட்கும்போது "எந்தச் செலவு கூடிப்போச்சும்மா?" என்று பேச முடியும். எழுதாவிட்டால் அந்தப் பேச்சு பாசத்தைப் பற்றிய சண்டையாகிவிடும்.

சம்பளம் வந்த மறுநாளே முழுத் தொகையையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். கேட்கக் கேட்க 300, 500 என்று ஜிபேயில் போட்டால், மாதக் கடைசியில் எவ்வளவு போனது என்று இரண்டு பக்கமும் தெரியாது. பெரும்பாலான மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது.

இனி ஸ்டேட்டஸ். வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமை, அதில் ஸ்டேட்டஸ். யார் பார்க்கக் கூடாதோ அவர்களை விலக்கும் வசதி அங்கே இருக்கிறது. படம் போடுமுன் மாற்றுங்கள்; ஏற்கெனவே போட்டதற்கு அது செல்லாது. ஃபேஸ்புக்கில் மற்றவர்கள் உங்களை டேக் செய்தால், நீங்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி வையுங்கள். நண்பர் போட்ட படம்தான் பெரும்பாலும் ஊர் போய்ச் சேரும்.

அம்மா அப்பாவை மட்டும் விலக்காதீர்கள். சித்தப்பா மகன் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டும் நாளில், அதுவரை சேர்த்த நம்பிக்கை போய்விடும். சம்பளத் தொகையையும் மறைக்க வேண்டாம்.

உங்கள் படத்தை வைத்து வேறு எண்ணிலிருந்து "அம்மா, ஆஸ்பத்திரியில் இருக்கேன், உடனே பணம் போடு" என்று மோசடி மெசேஜ் வரலாம். பழைய எண்ணுக்குப் பேசிய பிறகே பணம் அனுப்ப வேண்டும் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். மழைக்காலத்தில் சிக்னல் போய்விடும். அதனால் உங்கள் அறைத் தோழரின் எண்ணை ஊர் வீட்டிலும், ஊரில் பக்கத்து வீட்டு எண்ணை உங்களிடமும் எழுதிவையுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போடச் சொன்னால் அது உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதற்குத்தான். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள்.