லேத் ஒன்று போதும்: சின்ன இன்ஜின் கேஸ் போரிங்குக்கான கருவிகளை நாமே செய்வது எப்படி?

குறுவை நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் டெல்டாவில் பெட்ரோல் இன்ஜின்களுக்கு ஓய்வே கிடையாது. வாய்க்கால் தண்ணீர் இறைக்க ஒன்று, களை எடுக்க ஒன்று, மருந்தடிக்க ஒன்று. சீசன் முடிந்து பட்டறைக்கு வரும் கேஸ்களில் (கிராங்க் தண்டைத் தாங்கும், இரண்டு பாதியாகப் பிரியும் அலுமினியக் கூடு) அடிக்கடி பார்ப்பது ஒரே கோளாறுதான்: பேரிங் சீட், அதாவது பேரிங் உட்காரும் துளை, லூஸ். பேரிங் ஜாம் ஆகி, அதன் வெளி வளையம் அலுமினியத்துக்குள் சுற்ற ஆரம்பிக்கிறது. கொஞ்ச நாளில் சீட்டைத் தின்றுவிடுகிறது.

வழக்கமான வைத்தியம், சீட்டைச் சுற்றிப் பஞ்ச் அடித்து பேரிங்கை இறுக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பஞ்ச் அடித்த மேடுகள் சீக்கிரம் நசுங்கிவிடும். அதுவரையிலும்கூட பேரிங் உட்காருவது அந்த மேடுகள் தள்ளிய இடத்தில்தான், நடுவில் இல்லை.

துளையின் அளவைக் கொண்டுவருவது பெரிய வித்தை இல்லை. கேஸின் இரண்டு பாதியிலும் உள்ள துளைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், கஷ்டம் அங்கேதான். அதனால் இரண்டு பாதியையும் சேர்த்து போல்ட் போட்டு, ஒரே செட்டிங்கில் போரிங் (துளையைப் பெருக்கிக் கடைவது) செய்யப் போகிறோம். முதலில் தேய்ந்த சீட்டைப் பெருக்கி, அதில் ஸ்லீவ் என்கிற வளையக் குழலை இறக்கி, பிறகு அந்த ஸ்லீவை பேரிங் அளவுக்கு வெட்டுவோம். உதாரணத்துக்கு 6204 பேரிங்கை எடுத்துக்கொள்கிறேன்: உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மி.மீ.

எல்லாக் கேஸுக்கும் இது ஒத்துவராது. கிராங்க் துளை இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஆயில் சீல் உட்காரும் இடம் கேஸிலேயே இருக்க வேண்டும், தனித் தகட்டில் இருந்தால் சரிவராது. சீட்டைச் சுற்றி போதுமான சதை வேண்டும். விரிசல் விட்ட கேஸை ஒதுக்கிவிடுங்கள்.

முதல் கருவி: கண்ணாடி

10 மி.மீ. தடிமனுள்ள தட்டையான கண்ணாடித் துண்டு, அதன்மேல் 400 நம்பர் எமரி பேப்பர், கொஞ்சம் மண்ணெண்ணெய். டோவல் பின்களை (இரண்டு பாதியையும் இடம் மாறாமல் பொருத்தும் முளைகள்) கழற்றிவிட்டு, பாதிகள் ஒன்றோடொன்று சேரும் கேஸ் முகத்தில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். மெதுவாகத் தேயுங்கள். கோடு எல்லா இடத்திலும் அழிந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் தேய்த்தால் கேஸின் அகலம் குறைந்து, கிராங்கின் பக்கவாட்டு இடைவெளி கெட்டுவிடும்.

இரண்டாவது: போரிங் பார்

முக்கியமான கருவி இது. 22 மி.மீ. பிரைட் ராடு ஒன்று, கேஸ் அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளம். கேஸ் 100 மி.மீ. என்றால் ராடு 300. துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்துப் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு விலைக்குக் கிடைத்தாலும் போதும். இரண்டு முனையிலும் சென்டர் டிரில் போட்டு, லேத்தின் இரண்டு சென்டருக்கு (கூர்முனைத் தாங்கி) நடுவே பிடித்து 20.00 மி.மீ.க்குக் கடையுங்கள். ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் 0.01 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டெயில்ஸ்டாக்கை (லேத்தின் வலதுமுனைத் தாங்கி) சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். சீல் துளை இடம் கொடுத்தால் பார் இன்னும் தடிமனாகவே இருக்கட்டும். தடித்த பார் அதிராது.

பாரின் நடுவில் குறுக்காக 5 மி.மீ. துளை போடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து 13 மி.மீ. ஆழத்துக்கு அதை 6 மி.மீ. ஆக்குங்கள். மீதியில் எம்6 டேப்பால் மரை போடுங்கள். 6 மி.மீ. பக்கம் டூல் பிட், எம்6 பக்கம் அதைப் பின்னாலிருந்து தள்ளும் ஸ்க்ரூ. பிட்டைப் பூட்ட, பக்கவாட்டில் 4.2 மி.மீ. துளை போட்டு எம்5 டேப், ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ). கிரப் ஸ்க்ரூ படும் இடத்தில் பிட்டில் சின்னத் தட்டை ஒன்று தேய்த்துவிட்டால் வழுக்காது.

பிட்டுக்கு உடைந்த எண்ட் மில்லின் தண்டு அருமையான பொருள். முனையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தீட்டுங்கள், ஏனென்றால் ஒரு சீட்டை இடப்பக்கமாகவும் மற்றதை வலப்பக்கமாகவும் வெட்டப் போகிறோம். முனை உருட்டு அரை மி.மீ.க்குள் இருக்கட்டும். கடைசியில் எண்ணெய்க் கல்லில் இழையுங்கள். இதைச் செய்யாத பிட்டில் அலுமினியம் ஒட்டிக்கொண்டு சீட்டைக் கீறிவிடும்.

துளையின் அளவை வெட்டுவதற்கு முன்பே மைக்ரோமீட்டரில் பார்த்துவிடலாம். பாரின் முதுகிலிருந்து பிட் முனை வரை அளக்கவும். அதை இரண்டால் பெருக்கி, பாரின் விட்டத்தைக் கழித்தால் வருவதுதான் துளை. நமக்கு 46.97 வேண்டும் என்றால் மைக்ரோமீட்டர் 33.485 காட்ட வேண்டும். எம்6 ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்றுக்கு பிட்டை 1 மி.மீ. தள்ளும், துளை 2 மி.மீ. பெருகும். அதனால் ஸ்க்ரூவைத் தொட்டுத் தொட்டுத்தான் திருப்ப வேண்டும்.

மூன்றாவது: சீல் புஷ்

பேரிங் சீட் தேய்ந்துவிட்டதே, நடுவை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ஆயில் சீல் உட்காரும் இடத்தை வைத்துத்தான். அங்கே எதுவும் சுற்றுவதில்லை, அதனால் அது தேய்ந்திருக்காது. அந்த இடத்தில் ஆட்டமில்லாமல் உட்கார்ந்து, உள்ளே 20 மி.மீ. பாரில் வழுக்கி ஓடும் இரண்டு நைலான் புஷ் கடைந்துகொள்ளுங்கள்.

செட்டிங்

லேத்தில் டூல் உட்காரும் காம்பவுண்ட் ஸ்லைடைக் கழற்றி, அதன் கீழே இருக்கும் கிராஸ் ஸ்லைடில் 12 மி.மீ. தகட்டால் ஆன ஆங்கிள் ஒன்றை போல்ட் போடுங்கள். கேஸின் இன்ஜின் மவுண்டிங் துளைகள் ஆங்கிளில் உட்கார வேண்டும். துளைகளை நீள்துளையாகப் போட்டால் நகர்த்த வசதி.

புஷ்களோடு கேஸை பாரில் மாட்டி, பாரை சென்டர்களுக்கு நடுவே பிடியுங்கள். கேஸ் இப்போது பாரில் தொங்கும். ஆங்கிளைக் கொண்டுவந்து, இடைவெளி இருக்கும் இடத்தில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) சொருகி, போல்ட்டை இறுக்குங்கள். ஒவ்வொரு போல்ட்டை இறுக்கிய பின்னும் பாரை விரலால் சுற்றிப் பாருங்கள். சற்றே கனத்தாலும் எங்கோ ஷிம் போதவில்லை, போல்ட் கேஸை இழுக்கிறது என்று அர்த்தம். இந்த இடத்தில் எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. எல்லாம் சரியானதும் கிராஸ் ஸ்லைடு நகராதபடி அதன் பக்கவாட்டு கிப் ஸ்க்ரூவை இறுக்கிப் பூட்டிவிடுங்கள்.

வெட்டு

ஒரு பாதி ஆங்கிளிலேயே இருக்கட்டும், மற்ற பாதியை மட்டும் கழற்றி புஷ்களை எடுத்து, பிட்டை வைத்து, மறுபடி மூடுங்கள். டோவல் பின் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். அளவு பார்க்கவும் இதே வழிதான். சின்னத் திருத்தத்துக்கு சிலிண்டர் வாய் வழியாக ஸ்க்ரூவை எட்டலாம்.

பாரைப் பிடித்துச் சுழற்றும் லேத் டாக் மாட்டி, 300 ஆர்பிஎம் சுற்றில், ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. ஃபீடில் (கேஸ் நகரும் அளவு) ஓட்டுங்கள். டெயில்ஸ்டாக் சென்டரில் கிரீஸ், பிட்டில் சொட்டு மண்ணெண்ணெய். சீட்டின் அடிவிளிம்பு நெருங்கும்போது ஆட்டோ ஃபீடை விட்டுவிட்டுக் கையால் நகர்த்துங்கள். சுற்றும் டாக் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தோள் துண்டு, கையுறை, தொங்கும் வேட்டி முனை எதுவும் வேண்டாம்.

தேய்ந்த சீட்டை 51 மி.மீ.க்குப் பெருக்கி, 51.06 வெளி விட்டமும் 46.5 உள் விட்டமும் கொண்ட அலுமினிய ஸ்லீவ் இறக்க வேண்டும். ஸ்லீவை வார்ப்பிரும்பில் செய்யச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; கேஸ் சூடாகும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஸ்லீவின் பிடி தளரும்.

கேஸை ஹாட் பிளேட்டில் 150 டிகிரி வரை சூடாக்கினால் துளை சுமார் 0.14 மி.மீ. பெருகும், ஸ்லீவ் தானாக இறங்கும். சூடாக்குவதற்கு முன் மண்ணெண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாமல் துடைத்துக் காயவையுங்கள், தீப்பிடிக்கும். ஒரே இடத்தில் எரிவாயு டார்ச் காட்டினால் கேஸ் கோணிவிடும்.

ஆறியதும் மறுபடி சீல் புஷ், மறுபடி அதே செட்டிங். இப்போது ஸ்லீவை 46.97 முதல் 46.98 வரை வெட்டுங்கள். கடைசி வெட்டு மெல்லியதாக இருக்கட்டும். வெட்டி முடிந்ததும் ஃபீட் கொடுக்காமல் ஒருமுறை ஓடவிட்டால் பார் வளைந்து விட்டுவைத்த மிச்சமும் போய்விடும்.

பேரிங்கை இறக்க கேஸ் 100 டிகிரி ஏறினாலே போதும். தட்டத்தான் வேண்டும் என்றால், 46 மி.மீ. உருளை ஒன்றின் நடுவைக் குடைந்து வைத்துக்கொள்ளுங்கள், வெளி வளையத்தில் மட்டும் அடி விழும். பிறகு கிராங்கைப் போட்டு, போல்ட்களை எதிரெதிராக இறுக்கி, கையால் சுற்றுங்கள். சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் கனத்தால் கிராங்கின் ரன் அவுட்டை (நடு விலகி ஆடும் அளவு) டயல் கேஜில் பாருங்கள். சுற்று முழுக்க ஒரே சீராகக் கனத்தால் பேரிங் அடிவரை உட்காரவில்லை. திரும்பச் சூடாக்கி இறக்குங்கள்.