மலையில் சறுக்கு, பள்ளத்தாக்கில் தூங்கு: யாக்கிமாவுக்கு ஒரு சிக்கனப் பயணம்

சியாட்டில் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் வருடா வருடம் நவம்பரில் பனிச்சறுக்குப் பேச்சை ஆரம்பிப்பார்கள். மலையடி விடுதியின் வாடகையைப் பார்த்ததும் டிசம்பரில் அந்தப் பேச்சு அப்படியே அடங்கிவிடும். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, காசைத் தின்பது பனிச்சறுக்கு மட்டும் இல்லை, மலையிலேயே தூங்கி, மலையிலேயே சாப்பிட்டு, மலையிலேயே எல்லாவற்றையும் வாடகைக்கு எடுப்பதுதான். அந்த மூன்றையும் கீழே பள்ளத்தாக்குக்கு இறக்கிவிட்டால் செலவு கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடுகிறது. இறக்குவதற்கு வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமாவை விட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. மேற்கே ஒரு மணி நேரத்தில் ஒயிட் பாஸ் சறுக்குமலை, கிழக்கே அரை மணி நேரத்தில் திராட்சைத் தோட்டங்கள், நடுவில் தெருவுக்குத் தெரு, சோள ரொட்டியில் கறி வைத்துத் தரும் மெக்சிகோ டாக்கோ வண்டி.

வியாழன் மாலை சியாட்டிலிலிருந்து கிளம்பி ஐ-90 நெடுஞ்சாலையில் ஸ்னோக்வால்மி கணவாயைத் தாண்டி, எல்லன்ஸ்பர்கில் ஐ-82 பிடித்து யாக்கிமா. சுமார் 140 மைல், சாலை நன்றாக இருந்தால் இரண்டரை மணி நேரம். வெள்ளி சறுக்கு, சனி ஒயின், ஞாயிறு திரும்புதல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வார நாளில் மலையில் கூட்டம் குறைவு, பல இடங்களில் டிக்கெட்டும் மலிவு. ஒயினைச் சறுக்குக்கு முந்தைய நாள் வைத்தால் காலையில் எழுந்திருக்க மாட்டீர்கள், அதே நாளில் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆட்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுகள் வாரத்தில் எந்தெந்த நாள் ஓடுகின்றன என்று மட்டும் ஒயிட் பாஸ் தளத்தில் பார்த்துவிட்டு அறையைப் பதிவு செய்யுங்கள். பிப்ரவரி நடுவில் வரும் பிரெசிடென்ட்ஸ் டே நீள வாரஇறுதியைத் தவிர்த்துவிடுங்கள், மலையிலும் கூட்டம், ஒயின் கடைகளிலும் கூட்டம், அறை வாடகையும் ஏறியிருக்கும்.

கிளம்புவதற்கு முன் சக்கரச் சங்கிலி, பனியில் வண்டி வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டுவது. "என் வண்டி ஆல் வீல் டிரைவ், எனக்கு எதற்கு" என்று சொல்லும் அண்ணன் ஒவ்வொரு வாட்ஸாப் குழுவிலும் ஒருவர் உண்டு. இந்த மாநிலத்துக் கணவாய்களில் 'சங்கிலி கட்டாயம்' என்று பலகை போட்டுவிட்டால் ஆல் வீல் டிரைவ் வண்டிக்குச் சங்கிலி மாட்டுவதிலிருந்துதான் விலக்கு, வண்டிக்குள் சங்கிலி இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் 500 டாலர் வரை அபராதம், நாம் மிச்சம் பிடிக்கிற காசு அங்கேயே போய்விடும். முன்சக்கர இழுவை வண்டி என்றால் முன்சக்கரத்தில் மாட்ட வேண்டும், மாட்டிய பிறகு 30 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள், சிலர் சங்கிலி மாட்டவே அனுமதிப்பதில்லை. மாட்டுவதை வீட்டு கராஜில் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். நான் செய்து பார்க்கவில்லை. ஸ்னோக்வால்மிக்கு அடியில், இருட்டில், சேறு கலந்த பனியில் முதுகு நனையப் படுத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருந்த விளக்கப் படத்தை மனைவி செல்போன் வெளிச்சத்தில் பிடிக்க, ஐம்பது நிமிடம். உள்ளே இருந்த பையன் நடுநடுவே கண்ணாடியை இறக்கி "முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

சறுக்குப் பலகை, பூட்ஸ், ஹெல்மெட்டை மலையில் எடுக்காமல் யாக்கிமாவிலோ உங்கள் ஊரிலோ முந்தின நாளே வாடகைக்கு எடுத்தால் விலையும் குறைவு, காலை வரிசையும் மிச்சம். பூட்ஸ் விஷயத்தில் மட்டும் கடைக்காரரை அவசரப்படுத்த விடாதீர்கள். நேராக நின்றால் கால்விரல் நுனி முன்பக்கம் லேசாகப் பட வேண்டும், முட்டியை முன்னால் மடக்கினால் விரல் சற்று பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. இரண்டு சாக்ஸ் போட்டால் கதகதப்பு என்று நினைப்பது தப்பு, ஒரே ஒரு மெல்லிய கம்பளி சாக்ஸ்தான், இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், பருத்தி நனைந்தால் உடம்பிலேயே ஈரத்தோடு கிடக்கும். நீர் புகாத பேண்ட், கோட்டு எல்லாவற்றையும் புதிதாக வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வருடத்தில் மூன்று நாளுக்கு. அலுவலகத்தில் கேளுங்கள், யாராவது ஒருவர் வீட்டில் சும்மா கிடக்கும்.

யாக்கிமாவிலிருந்து யு.எஸ்.12 நெடுஞ்சாலையில் நாச்சீஸ் தாண்டி, ரிம்ராக் ஏரியை ஒட்டிக்கொண்டே ஏறினால் சுமார் 50 மைலில் ஒயிட் பாஸ். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அடிவாரம் 4,500 அடி, உச்சி 6,500 அடி. பெரிய பெயரெடுத்த மலை இல்லை, பகட்டும் இல்லை, நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் லேசாகவும் நினைத்துவிடாதீர்கள், 1984 சரயேவோ ஒலிம்பிக்கில் ஸ்லாலம் போட்டியில் தங்கமும் வெள்ளியும் வாங்கிய ஃபில் மேயர், ஸ்டீவ் மேயர் என்ற இரட்டையர்கள் இந்த மலையில் வளர்ந்தவர்கள்.

முதல் தடவை என்றால் பாடத்துக்குக் காசு கொடுங்கள். சிக்கனம் பற்றி எழுதுகிற நானே சொல்கிறேன், இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நண்பன் சொல்லிக்கொடுப்பான் என்று நம்பிப் போனால், நண்பன் பத்து நிமிடம் சொல்லிவிட்டு மேலே போய்விடுவான், நீங்கள் மதியம் வரை விழுந்துகொண்டிருப்பீர்கள். முதல்முறை வருபவர்களுக்குப் பாடம், வாடகைப் பொருள், சின்னச் சரிவுக்கான டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரே விலையில் தரும் ஏற்பாடு பெரும்பாலான மலைகளில் உண்டு, கேட்டுப் பாருங்கள். அது கிடைத்தால் மேலே சொன்ன வாடகைக் கடை வேலையே இல்லை. விழுந்தால் எழ ஒரு வழி இருக்கிறது: இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு, மேட்டுப்பக்கம் கையூன்றி எழுங்கள். பலகை பள்ளத்தைப் பார்த்திருக்கும்போது எழ முயன்றால் எழுந்த வேகத்திலேயே கிளம்பிவிடும்.

மதியச் சாப்பாட்டை மலை உணவகத்தில் வாங்காமல் பையில் புளியோதரையோ சப்பாத்தி ரோலோ கொண்டுபோங்கள். முழுநாள் நிற்கவும் வேண்டாம், இரண்டு மணி ஆனதும் கால் தானாகத் தளர்ந்துவிடும், அடிபடுவதும் அந்த நேரத்தில்தான். இறங்கி வரும் வழியில் நாச்சீஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஓக் கிரீக் என்ற இடத்தில் குளிர்காலத்தில் வனத்துறையினர் காட்டு எல்க் மான்களுக்கு வைக்கோல் போடுவார்கள், கூட்டம் கூட்டமாக நிற்கும். அங்கே வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ் என்ற மாநில அனுமதிச் சீட்டு வேண்டும்.

சரி, டாக்கோவுக்கு வருவோம். யாக்கிமா மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஹிஸ்பானிக் வம்சாவளி, பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். இங்கே ஆப்பிள், பியருக்குப் போடும் ஹாப்ஸ், திராட்சை பறிப்பவர்களும் அவர்கள்தான். அதனால் இந்த ஊர் டாக்கோ வண்டி நமக்காகப் போட்டதில்லை, வேலை முடிந்து பசியோடு வருகிறவர்களுக்காகப் போட்டது. எந்த வண்டி என்று பெயர் தேட வேண்டாம். மதியம் பன்னிரண்டரைக்கு ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் எங்கே வரிசையில் நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள். நம் ஊர்க் கையேந்தி பவனுக்கு என்ன கணக்கோ அதே கணக்கு. நான் போனபோது ஒரு டாக்கோ மூன்று டாலர் சுற்றி இருந்தது, நாலு சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். அசாடா என்றால் தீயில் சுட்டு நறுக்கிய மாட்டிறைச்சி. பஸ்தோர், மசாலா தடவிய பன்றி இறைச்சி, லெபனானிலிருந்து மெக்சிகோ போனவர்கள் கொண்டுபோன ஷவர்மாவின் பேரப்பிள்ளை. லெங்குவா நாக்கு, திரிபா குடல், கபேசா தலைக்கறி. போட்டி, தலைக்கறி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இங்கே தயங்கத் தேவையே இல்லை, குடலை மொறுமொறுவென்று கேளுங்கள். வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் போட்டு வேண்டும் என்றால் 'கோன் தோதோ', பார்சல் என்றால் 'பாரா யேவார்'. இந்த இரண்டு வார்த்தை போதும்.

தட்டு வந்ததும் ஒரு நிமிடம் பாருங்கள். உள்ளங்கை அளவு சோள ரொட்டி இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று, மேல்பக்கம் கொழுப்பு பட்டுப் பளபளக்கும். ஓரத்தில் முள்ளங்கி வில்லை, எலுமிச்சைத் துண்டு, கல்லில் கருகப் புரட்டிய முழுப் பச்சை மிளகாய். அடி ரொட்டி எதற்கு என்றால், மேல் ரொட்டி சாறு ஊறிக் கிழியும்போது தாங்கிக்கொள்ள. கரண்டியெல்லாம் தேடாதீர்கள், தலையைச் சாய்த்துக் கடியுங்கள், சிந்துவதை மிச்ச ரொட்டியில் வழித்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சட்னி பெரும்பாலும் காய்ந்த மிளகாய், முதலில் ஒரு சொட்டு. "நாங்கள் பார்க்காத காரமா" என்று என் மைத்துனர் ஒரு கரண்டி ஊற்றினார், அப்புறம் அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. பச்சைச் சட்னியில் பொதுவாகப் புளிப்புதான் முன்னால் நிற்கும். குடிக்க தமரிந்தோ கேளுங்கள், நம் புளிப் பானகமேதான், வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை.

சைவக்காரர்கள் கவனிக்க: பீன்ஸ் மட்டும்தானே என்று நம்பிவிடாதீர்கள். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள், அரிசியைக் கோழிச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள். 'சின் மான்டேக்கா?' என்று கேட்டால் கொழுப்பு இல்லாததா என்று அர்த்தம், பெரும்பாலும் நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். சீஸும் நீள மிளகாயும் போட்ட ராஹாஸ் இருந்தால் பிழைத்தீர்கள், இல்லையென்றால் ரொட்டிக்குள் சீஸ் வைத்துச் சுட்ட கெசடியா. அதே கல்லில்தான் எல்லாம் புரளும், அது ஒத்துக்கொள்ளாதவர்கள் அறையில் ரைஸ் குக்கர் வைத்துக்கொள்வதே நல்லது.

சனிக்கிழமை முதலில் டாக்கோ, பிறகுதான் ஒயின். இதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. ஒரு தடவை பதினொன்றரைக்கே வெறும் வயிற்றோடு ஆரம்பித்து, மூன்றாவது இடத்தில் என் வாழ்க்கையில் எனக்குத் தேவைப்படாத ஆறு பாட்டில் வாங்கினேன். அந்தப் பயணத்தில் சறுக்கை விடப் பெரிய செலவு அதுதான்.

யாக்கிமா பள்ளத்தாக்கு 1983இல் வாஷிங்டனின் முதல் அங்கீகரிக்கப்பட்ட ஒயின் பகுதியானது. கேஸ்கேட் மலை மழையை மேற்கிலேயே பிடித்துவைத்துக்கொள்வதால் இங்கே வருடத்துக்கு எட்டு அங்குலம் சுற்றித்தான் மழை, தோட்டமெல்லாம் கால்வாய்த் தண்ணீர். ஐ-82இல் கிழக்கே 20 மைல் போனால் ஸில்லா, நம் வாயில் ஜில்லா ஆகிவிடும். அதைச் சுற்றி ராட்டில்ஸ்னேக் குன்றுகளில் சின்னச் சின்னத் தோட்டங்கள். ஊருக்குள் 1922இல் டீ பாட் வடிவத்தில் கட்டிய பழைய பெட்ரோல் நிலையம் ஒன்று இருக்கிறது, ஒரு படம் எடுத்துவிட்டு நகருங்கள். இன்னும் கிழக்கே பிராசர், அங்கே ஒயினை ருசி பார்க்கும் சுவைக்கூடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம். நேரம் குறைவென்றால் பிராசர், பேச்சும் தோட்டமும் வேண்டும் என்றால் ஸில்லா. எனக்கு ஸில்லாதான். பல இடங்களில் ஒயின் செய்தவரே ஊற்றித் தருவார், கையில் மண் இருக்கும். குளிர்காலத்தில் பல கூடங்கள் வாரக் கடைசியில் மட்டும்தான் திறக்கும், ஐந்து மணிக்கு மூடிவிடும். குழந்தைகளை விடுவார்களா, வெளிச் சாப்பாடு கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள்.

சுவைக் கட்டணம் ஆளுக்கு 10 முதல் 25 டாலர். ஒரு பாட்டில் வாங்கினால் பல இடங்களில் கழித்துவிடுவார்கள். ஒருவருக்கு ஊற்றும் ஒயின் வரிசையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரு தடவை ஊற்றுவது சுமார் 30 மில்லி, ஐந்து தடவை சேர்ந்தால் ஒரு முழுக் கிளாஸ். மூன்று கூடம் என்றால் மூன்று கிளாஸ், இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். மேஜையில் இருக்கும் வாளி துப்புவதற்குத்தான், வெட்கப்படாமல் துப்புங்கள். வண்டி ஓட்டுபவர் ஒருவர் அன்றைக்குத் தொடவே கூடாது. மறுநாள் சாவி கைமாறிக்கொள்ளட்டும். எதை வாங்குவது என்று கேட்டால், லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். பஸ்தோர் டாக்கோவோடும் சிவப்புச் சட்னியோடும் அது சேர்வதுபோல் விலையுயர்ந்த கேபர்னே சிவப்பு ஒயின் சேராது.

திறந்த பாட்டிலை ஆட்கள் உட்காரும் பகுதியில் வைத்து ஓட்டுவது இங்கே குற்றம், டிக்கியில் வையுங்கள். திறக்காத பாட்டிலை ராத்திரி காரில் விடாதீர்கள். மைனஸ் 6, 7 டிகிரி செல்சியஸில் ஒயின் உறைய ஆரம்பிக்கும், ஜனவரி இரவில் யாக்கிமா அதைச் சாதாரணமாகத் தொடும். காலையில் கார்க் வெளியே வந்து நிற்கும்.

ஞாயிறு கிளம்பும்போது யாக்கிமாவை ஒட்டிய யூனியன் கேப்பில் லாஸ் ஹெர்னாண்டஸ் கடையில் தமாலே வாங்குங்கள், 2018இல் அமெரிக்காவின் பெரிய உணவு விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கிய சின்னக் கடை. சோள மாவுக் கொழுக்கட்டைக்குள் கறியை வைத்து, சோளக்கதிர்த் தோலில் சுற்றி வேகவைத்தது. தோலைச் சாப்பிடக் கூடாது, பிரித்துப் போட வேண்டும். தண்ணீர்விட்டான் (அஸ்பாரகஸ்) குருத்தும் சீஸும் வைத்த சைவத் தமாலே வசந்தத்தில்தான் வரும், சறுக்கு மாதங்களில் கிடைக்காது. ஐஸ் பெட்டி இருந்தால் ஒரு டஜன் எடுத்துக்கொள்ளுங்கள், வாரநாள் இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும். மதியத்துக்குள் ஸ்னோக்வால்மியைத் தாண்டிவிடுங்கள், மாலையில் எல்லா மலையும் ஒன்றாகக் காலியாகி அந்தச் சாலையில்தான் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் அலசித் தொங்கவிட்டுக் காயவையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டது அடுத்த நவம்பரில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.