பாட்டியின் நினைவுகளைத் திரட்டும்போது

உறவினர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். மூத்தவர் ஒருவர் சொன்னதற்கே மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவரவர் நினைவு அமுங்கிப்போகும். தனித்தனியாக, வயதில் மூத்தவரிலிருந்து தொடங்குங்கள். 40 நிமிடம் போதும்.

‘பாட்டி எப்படிப்பட்டவர்?’ என்றால் ‘தங்கமானவர்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘இது எந்த வீடு? பக்கத்தில் யார்?’ என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லையா? எந்தக் குழந்தை பிறப்பதற்கு முன், பின் என்று கேட்டால் பிடிபடும். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுதுங்கள், நாட்டாமை வேண்டாம்.

போனில் பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சல்தான் குரலை விழுங்கும். படத்தின் பின்னால் பேனாவால் எழுதினால் மை ஊறும்; மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறைமேல் எழுதிப் படத்தை உள்ளே வையுங்கள்.