டாம் சாயரின் குறும்பை வகுப்பில் நடத்துவது எப்படி

தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு, பினாங்கோ கோலாலம்பூரோ, மார்க் ட்வைனின் டாம் சாயரை (1876) அறிமுகப்படுத்த வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் இரண்டாம் அத்தியாயம் ஒன்றே போதும். தண்டனையாகக் கிடைத்த அந்த வேலைக்கு மற்றப் பையன்களை ஆசைப்பட வைத்து, பொருளும் வாங்கிக்கொண்டு அவர்களையே டாம் அடிக்க வைக்கும் குறும்பு அது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சத்தமாக வாசியுங்கள். டாமைக் கேலி செய்ய பென் ரோஜர்ஸ் என்ற பையன் ஆப்பிளோடு வந்ததும் நிறுத்தி, "டாம் இனி என்ன செய்வான்?" என்று கேளுங்கள். கெஞ்சுவான், ஓடிவிடுவான் என்று பதில் வரும். பிறகு தொடருங்கள்.

டாம் தூரிகையை பென்னிடம் உடனே கொடுப்பதில்லை. இரண்டடி பின்வாங்கி, அடித்த இடத்தை ஓவியனைப் போல் பார்க்கிறான்; ஆயிரத்தில் ஒருவனுக்குத்தான் இது வரும் என்கிறான். குறும்பின் உயிரே அந்த இழுத்தடிப்புதான். இருவரை நடிக்க விடுங்கள். தூரிகையைச் சட்டென நீட்டினால் காட்சி படுத்துவிடும்.

அடுத்து மாஜோங் தாளில் (பெரிய வெள்ளைத் தாள்) பையன்களிடமிருந்து டாமுக்குக் கிடைத்தவற்றை எழுதச் சொல்லுங்கள்: பட்டம், செத்த எலி, 12 கோலிக்குண்டு, ஒற்றைக்கண் பூனைக்குட்டி. வேலிக்கோ மூன்று பூச்சு!

"குறும்பு தவறா?" என்று கேட்காதீர்கள், நன்னெறிப் பாடப் பதில்தான் வரும். "இதில் யாருக்கு நஷ்டம்?" என்று கேளுங்கள். சுண்ணாம்பு அடித்தவர்களும் ஆசைப்பட்டுத்தான் அடித்தார்கள் என்பதால் வாதம் சூடுபிடிக்கும். அதற்குக் கடைசி 20 நிமிடத்தைத் தொடாமல் வையுங்கள்.