பூனைக்குச் சுகமில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பூனை தன் வருத்தத்தை லேசில் வெளியே காட்டாது. திருகோணமலையில் மீன்காரரின் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிவரும் பூனை, சூடை மீனை மணந்துகூடப் பார்க்காமல் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தால் கவனியுங்கள். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுவதுதான் சரி. குண்டுப் பூனைகள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்துவிடும்.

எல்லாவற்றிலும் அவசரமானது சிறுநீர் அடைப்பு. கடுவன் பூனை திரும்பத் திரும்ப மண்ணில் குந்தி முக்குகிறது, கத்துகிறது, சொட்டுக்கூட வரவில்லை. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுகிறார்கள். ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம், அன்றைக்கே கொண்டுபோங்கள்.

தூங்கும்போது மூச்சையும் எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் காட்டவேண்டும். சும்மா இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தாமதிக்கவே கூடாது. வெயில்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டவேண்டாம். பல் முரசு வெளிறினாலும் மஞ்சளானாலும் காட்டுங்கள்.

அப்புறம், உடம்பு சுடுகிறதே என்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாதிக் குளிசைகூடப் பூனையைக் கொல்லக்கூடும்.