விளங்காத தாளில் சைன் வைக்காதீர்கள்

போன கிழமை மாங்குளத்தில் ஒரு தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். மணல் ஏற்றிய ட்ராக்டர் விஷயமாகப் பொலிஸில் பிடித்து, இரண்டு பக்கத்தில் சைன் வாங்கியிருக்கிறார்கள், முழுக்கச் சிங்களம். "சைன் வைச்சா வீட்டை போகலாம் எண்டிச்சினம் அண்ணை" என்றான். எங்கள் ஆட்கள் விடும் பிழைகளில் மோசமானது இதுதான். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று இலங்கை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையே சொல்கிறது, ஆகவே தமிழில் எழுதுங்கள், இல்லாவிட்டால் வாசித்து விளங்கப்படுத்துங்கள் என்று கேட்பது வாய்காட்டல் இல்லை.

அதுக்காக, சைன் வைத்தாச்சு, இனி என்ன என்று கோர்ட்டில் செய்யாததை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். சான்றுக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராகப் பாவிக்க முடியாது. ஆனால் 27ஆம் பிரிவை மறக்காதீர்கள்: நீங்கள் சொல்லி ஒரு பொருள் அகப்பட்டால், அதைக் காட்டிக்கொடுத்த அந்தப் பேச்சு மட்டும் சாட்சியமாக வரும்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் எல்லாம் தலைகீழ். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ எடுத்த ஒப்புதல் செல்லும், வெருட்டித்தான் வாங்கினார்கள் என்பதை நீங்களே நிரூபிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் எத்தனை வருஷம் இந்த ஒரு பிரிவில் போயிருக்கும் என்று நினைத்தாலே வயிறு பற்றுகிறது. அதனால் எந்தச் சட்டத்தில் பிடிக்கிறீர்கள் என்று முதலே கேளுங்கள், காரணம் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை.

வீட்டுச் சோதனைக்கு வந்தால் வாசலை மறிக்காதீர்கள், ஆணை இல்லாமலே தேடச் சட்டம் இடம் கொடுக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. பிழையாகத் தேடி எடுத்த பொருளைக் கோர்ட் தானாகத் தள்ளிவிடும் என்றும் நம்பாதீர்கள். கூடவே நின்று பாருங்கள். வந்தவரின் இலக்கம், நேரம், எடுத்த பொருள் எல்லாவற்றையும் பிள்ளையின் கொப்பியிலாவது எழுதி வையுங்கள். பெண்களைப் பெண் உத்தியோகத்தர்தான் சோதிக்கலாம்.

அடி விழுந்திருந்தால் நீதவானிடமும் வைத்தியரிடமும் வாய்திறந்து சொல்லுங்கள். பிறகு பார்ப்பம் என்று விடவே கூடாது, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. தம்பியின் முதுகில் கண்டல் இன்னும் மாறவில்லை, ஒன்பது நாள் மிச்சம் இருந்தது, திங்கட்கிழமை விடிய முதல் பஸ்ஸில் முறைப்பாடு கொடுக்க வவுனியாவுக்குப் போனோம்.