மைதானத்தில் வீடு கட்ட மனு வந்தால்: இங்கிலாந்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் யாழ்ப்பாணப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் கிரிக்கெட் போட்டியும் தமிழ்ப் பள்ளிகளின் விளையாட்டு விழாவும் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த மைதானங்களில்தான் நடக்கும். ஒரு கோடையில் போனால் வாசலில் பூட்டு தொங்கும். அடுத்த ஆண்டு கம்பி வேலி. அதற்கடுத்த ஆண்டு இடுப்பளவு புல். பிறகு ஒருநாள் விளக்குக் கம்பத்தில் கவுன்சிலின் அறிவிப்பு ஒட்டியிருக்கும்: இந்த இடத்தில் இத்தனை வீடுகள் கட்ட அனுமதி கேட்டு மனு வந்திருக்கிறது.

அதன் பிறகு நம்மவர்கள் மும்முரமாக வேலை செய்கிறார்கள். ஆனால் அந்த உழைப்பில் பாதி வீணாகப் போவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

முதல் தவறு, “மூடி ஐந்து வருஷமாச்சே, இனி என்ன செய்ய முடியும்” என்று விட்டுவிடுவது. ஐந்து ஆண்டுக் கணக்கு ஒன்று இருப்பது உண்மை. மனு போடுவதற்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் ஆடுகளமாகப் பயன்பட்ட நிலம் என்றால், கவுன்சில் கட்டாயமாக, விளையாட்டை வளர்க்கும் அரசு சார்ந்த ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பிடம் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு அதற்கு மட்டும்தான். மைதானங்களைக் காக்கும் தேசியத் திட்டக் கொள்கையில் அப்படிக் காலக்கெடு எதுவும் கிடையாது. அந்தக் கொள்கை மூன்று வழிகளை மட்டுமே விட்டுவைக்கிறது. அந்த மைதானம் தேவைக்கு மேல் இருப்பது என்று முறையான மதிப்பீடு தெளிவாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அளவிலும் தரத்திலும் அதற்கு ஈடான, அல்லது அதைவிட நல்ல மைதானத்தைப் பொருத்தமான இடத்தில் தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், அங்கே வரும் வேறொரு விளையாட்டு வசதியின் பயன் இந்த இழப்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

மூடிக் கிடப்பது வேறு, தேவைப்படாமல் இருப்பது வேறு. உரிமையாளரே பூட்டைப் போட்டுவிட்டு “யாரும் விளையாட வருவதில்லை” என்று சொன்னால் அது தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது. பூட்டிய பிறகு எந்த அணி எங்கே போனது, எத்தனை மைல் தள்ளிப் போனது, எந்த அணி கலைந்தது என்பதை எழுதி வையுங்கள். பழைய வாடகை ரசீதும் தேதியிட்ட போட்டிப் படங்களும் இருந்தால் பெரிய பலம். பல கவுன்சில்கள் ‘பிளேயிங் பிட்ச் ஸ்ட்ராட்டஜி’ என்று ஓர் அறிக்கை வைத்திருக்கும். எங்கே ஆடுகளம் குறைவு என்று அதில் அவர்களே எழுதியிருப்பார்கள். ஸ்போர்ட் இங்கிலாந்தைக் கட்டாய ஆலோசனைப் பட்டியலிலிருந்து நீக்குவது பற்றிக் கருத்துக் கேட்கப்போவதாக 2025 மார்ச்சில் அரசு அறிவித்தது. அதனால் உள்ளூரில் திரட்டும் சான்றுக்கு இப்போது இன்னும் மதிப்பு கூடியிருக்கிறது.

இரண்டாவது தவறு ஆட்சேபக் கடிதத்தில். “என் வீட்டு விலை குறையும்”, “என் ஜன்னலிலிருந்து பச்சை தெரியாது” இரண்டுமே திட்டமிடல் காரணங்களாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஒரே கடிதத்தை இருநூறு பேர் நகலெடுத்து அனுப்பினாலும் அது ஒரே காரணம்தான். விளையாட்டு இட இழப்பு, சாலை நெரிசல், வெள்ள அபாயம், உள்ளூர்த் திட்டத்துக்கு (எங்கே என்ன கட்டலாம் என்று கவுன்சில் வகுக்கும் திட்டம்) முரண் போன்றவற்றைச் சொந்த வார்த்தையில், சொந்த விவரத்தோடு எழுதிய பத்துக் கடிதங்கள் அதைவிட எடை கூடியவை.

எல்லாவற்றையும்விட அதிகம் இழப்பது மூன்றாவது தவறால் என்று நினைக்கிறேன்: நிலத்தின் பழைய பத்திரத்தைப் பார்க்காமல் விடுவது. ஷ்ரூஸ்பரி நகரில் கிரீன்ஃபீல்ட்ஸ் என்றொரு பொழுதுபோக்கு மைதானம். நகர நிர்வாகம் 1926இல் வாங்கிய நிலம். அதில் ஒரு துண்டை 2017இல் நகர கவுன்சில் 5,50,000 பவுண்டுக்கு ஒரு கட்டுமான நிறுவனத்திடம் விற்றது. 2018இல் ஷ்ராப்ஷயர் கவுன்சில் அங்கே 15 வீடுகள் கட்ட அனுமதியும் கொடுத்தது. எல்லாம் முடிந்த கதை போலத்தான் தெரிந்தது. ஆனால் பொதுமக்களின் பொழுதுபோக்குக்கென்று சட்டப்படி அறக்கட்டளையாக வைத்திருக்கும் நிலத்தை விற்பதென்றால், உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் செய்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அதை யாரும் செய்யவில்லை. உள்ளூர்வாசி ஒருவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். 2023 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. விற்றாலும் மக்களின் உரிமை நிலத்தோடேயே இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்காமல் கொடுத்த அனுமதி செல்லாது என்று ரத்து செய்தது.

அதனால் மைதானம் கவுன்சில் நிலமாக இருந்தால், அல்லது ஒரு காலத்தில் அப்படி இருந்திருந்தால், நிலப்பதிவு நகலை வாங்குங்கள். சில பவுண்டுதான் ஆகும். எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நோக்கத்துக்காக வாங்கினார்கள் என்பதைக் கவுன்சிலின் பழைய கூட்டக் குறிப்புகளிலும் மாவட்ட ஆவணக் காப்பகத்திலும் தேடுங்கள். பொறுமை வேண்டிய வேலை. ஓய்வுபெற்ற நம் ஆசிரியர்கள் சிலர் இதில் கெட்டிக்காரர்கள்.

“இருபது வருஷமாக இங்கே நடக்கிறோம், அதனால் இது எங்கள் ஊர்ப் பசுந்திடல்” என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. பசுந்திடல் (வில்லேஜ் கிரீன்) என்பது ஊர் மக்கள் நெடுங்காலம் பயன்படுத்தியதால் பொது வெளியாகப் பதிவாகும் நிலம். வடகிழக்கே ரெட்கார் என்ற கடலோர ஊரில் ஒரு கோல்ஃப் கிளப் 2002 வரை பயன்படுத்திய நிலத்தில், குடியிருப்பும் பொழுதுபோக்கு வசதிகளும் கொண்ட திட்டம் வந்தது. அங்கே உலாவிய மக்கள் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு வழிவிட்டுத்தான் நடந்தார்கள். அப்படி வழிவிட்டதால் உரிமை போய்விடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2014இல் விட்பி ஊரின் ஹெல்ரடேல் மைதான வழக்கில், கவுன்சிலே மக்களுக்காகச் சட்டப்படி அமைத்துக் கொடுத்த மைதானம் இந்த வகையில் பசுந்திடல் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு கதவையும் அடைத்தது: வீடு கட்டும் மனு அறிவிக்கப்பட்டுவிட்டால், பசுந்திடலாகப் பதிவு செய்யக் கேட்கும் உரிமை நின்றுபோகும். ஆக, இதை நம்பியிருப்பவர்கள் மனு வருவதற்கு முன்பே போக வேண்டும்.

கவுன்சிலின் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்ற பட்டியலில் சேர்த்தால் போதும் என்பாரும் உண்டு. அது விற்பனையைச் சில மாதங்கள் தள்ளிவைக்கும். கட்ட அனுமதி கொடுப்பதை அது தடுக்காது.

அப்புறம், எல்லாவற்றுக்கும் “வேண்டாம்” என்று மட்டும் சொல்வது. நம் பிள்ளைகளே வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் ஊரில் வீடே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஈஸ்ட் ஹாம் தமிழர்களுக்குத் தெரிந்த கதை, அப்டன் பார்க்கில் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் பழைய அரங்கம். அணி 2016இல் இடம் மாறியது. அங்கே கட்டவிருந்த 800க்கும் மேற்பட்ட வீடுகளில் கட்டுப்படியாகும் விலையில் 6 சதவீதம்தான் என்று முதலில் திட்டம் போட்டார்கள். உள்ளூர் மக்கள் விடாமல் கேட்டதில் அது 25 சதவீதம் ஆனது. கட்டத்தான் போகிறார்கள் என்று தெரிந்தாலும் கேட்க நிறைய இருக்கிறது.

மாற்று மைதானம் ஆட்டத்துக்குத் தயாராகும் வரை இங்கே ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்பதை நிபந்தனையாகவே எழுதச் சொல்லுங்கள். செயற்கைப் புல் போட்ட ஐவர் கால்பந்துக் கூண்டைக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஈடாக ஒத்துக்கொள்ளாதீர்கள். புதிய இடத்தின் வாடகையும் ஞாயிற்றுக்கிழமை நேரமும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பாதி மைதானத்தில் மட்டும் வீடு என்றால் எல்லைக்கோட்டைக் கவனியுங்கள். சிக்ஸர் பறந்து போய்க் கண்ணாடி உடைந்தால், புதிதாகக் குடிவந்தவர்கள் கிளப்பின் மேல் புகார் கொடுப்பார்கள். தடுப்பு வலை கட்டும் பொறுப்பு புதிதாக வருபவருடையது என்று தேசியக் கொள்கையிலேயே இடம் இருக்கிறது, அதைச் சுட்டிக் காட்டி எழுதுங்கள்.

கடைசியாக, நேரம். கருத்துச் சொல்லப் பொதுவாக 21 நாட்கள்தான் கிடைக்கும். மனுவை முடிவு செய்யும் கவுன்சில் குழுவின் கூட்டத்தில் பல இடங்களில் 3 நிமிடம் பேச விடுவார்கள். அனுமதி மறுக்கப்பட்டால் கட்டுநர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கிடைத்துவிட்டால் நமக்கு அந்த உரிமை இல்லை, 6 வாரத்துக்குள் நீதிமன்றம் போவது ஒன்றுதான் வழி. அதற்கு நிறையப் பணம் வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்பு, உள்ளூர்த் திட்டம் தயாராகும்போதே, எந்தெந்த நிலத்தில் வீடு கட்டலாம் என்று கவுன்சில் ஒரு பட்டியல் போடுகிறது. வெறிச்சோடிக் கிடக்கும் பழைய மைதானம் அதில் ஒரு வரியாக நுழைந்திருக்கலாம். கவுன்சில் இணையதளத்தில் அந்தப் பட்டியலைத் திறந்து, உங்கள் மைதானத்தின் தெருப் பெயரைத் தேடிப் பாருங்கள்.